குரல் நின்றால்

கிரேனின் உச்சியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நடப்பதில் பாதி தெரியாது. எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடமே அவன் கண்ணை மறைத்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம், தூண்களுக்கு நடுவே, லிஃப்ட் வரப்போகும் குழிக்குள் என்று அவன் பார்க்க முடியாத இடங்களில்தான் பாரத்தை இறக்க வேண்டியிருக்கும். அங்கெல்லாம் கீழே நிற்கும் ஒருவரின் குரல்தான் அவனுக்குக் கண். வாக்கி-டாக்கியில் அந்தக் குரல் சொல்லச் சொல்ல இவன் கை லீவரை நகர்த்தும்.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. பாரம் இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழே இருப்பவர் வாயை மூடக் கூடாது. "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் மேலே இருப்பவன் கையும் நிற்க வேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், சொல்பவர் கால் தடுக்கி விழுந்திருக்கலாம். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் கை நிற்க வேண்டும்.

அவனுக்குக் குரல் கொடுத்தவர் அவனுடைய அக்காவின் கணவர். இருவரும் சேர்ந்தே பல கட்டடங்களை எழுப்பியவர்கள். மச்சானுக்கு சைட்டில் 'ரேடியோ' என்று பெயர். வாயை மூடாமல் இருப்பதற்குச் சம்பளம் தரும் வேலை ஒன்றைக் கடவுள் இவருக்காகவே உண்டாக்கினார் என்று அக்கா சொல்வாள்.

காலையில் ஏறுவதற்கு முன் அவன் கிரேனின் இரும்புக் காலைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். "இன்னைக்கு என் கையால யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது." அவன் கடவுளிடம் கேட்பது அது ஒன்றுதான். மேலே போய் உட்கார்ந்ததும் வாக்கி கரகரக்கும்.

"மேலே இருக்கிற சாமியே, அடியேனையும் கொஞ்சம் கவனி. கம்பிக்கட்டு ரெடி. தூக்கு."

"சாமி கீமின்னு சொல்லாதீங்க மச்சான். பாவம்."

"உங்க அக்காவைக் கட்டினப்பவே என் பாவமெல்லாம் கழிஞ்சு போச்சு மாப்ள. தூக்கு, தூக்கு, தூக்கு."

முதலில் குறைந்தது மச்சானின் கதைகள்தான்.

ஒரு பாரத்துக்கும் அடுத்த பாரத்துக்கும் நடுவே அவர் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரரின் சோபாவை மாடிக்கு ஏற்றிய கதை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் பக்கத்து வீட்டுக்காரரின் மாமியார் வருவார், சோபாவுக்கு அடியில் தூங்கிய பூனை வரும், படிக்கட்டு வளைவில் மாட்டிக்கொண்டதும் மச்சான் பழக்கதோஷத்தில் "இறக்கு, இறக்கு" என்று கத்த, மேலே பிடித்திருந்தவர் நிஜமாகவே கையை விட்டது வரும். சொல்லும்போதெல்லாம் அந்தக் கதைக்குப் புதிதாக ஒரு கிளை முளைக்கும். ஒருமுறை மாமியார் சோபாவிலேயே உட்கார்ந்து ஏறி வந்தார்.

ஒருநாள் காலையில் மச்சான் சொன்னார்: "சோபாவைத் தூக்கினோம் மாப்ள. மாட்டிக்கிச்சு. இறக்கிட்டோம்." சிரித்தார்.

மாமியாரைக் காணோம். பூனையையும் காணோம். அவசரத்தில் சுருக்கிவிட்டார் என்று இவனும் சிரித்துவைத்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வாக்கி கரகரத்தது.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். சோபாவைத் தூக்கினோம். மாட்டிக்கிச்சு. இறக்கிட்டோம்."

அதே சொற்கள், அதே சிரிப்பு. காலையில் சொன்னது அவருக்கு நினைவில்லை. கேபினுக்குள் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்கோ முதுகில் யாரோ தண்ணீரை ஊற்றியது போலிருந்தது.

அதன்பின் சொற்கள் தவறத் தொடங்கின. அரிதான சொற்களைத் தவறவிட்டிருந்தால் அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான்.

"மாப்ள, அதை அனுப்பு. அந்த இது."

"எது மச்சான்?"

"அதான்யா. சுத்தி மாட்டுவோமே. அந்த இது."

"பெல்ட்டா?"

"ஆங், பெல்ட்டு. ராத்திரி சரியா தூங்கல."

பாரத்தைக் கட்டும் பெல்ட்டை ஒரு நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பார். தன் பெயரைவிட அதிகமாக உச்சரித்த சொல் அது.

இடைவேளையில் இறங்கி வந்தால் கீழே வேறொரு மச்சான் இருந்தார். அவருடைய கைகள் பேசின. "அதை எடு" என்றால் விரல் சுத்தியலைக் காட்டியது. "அவனைக் கூப்பிடு" என்றால் கண்கள் வெல்டரின் பக்கம் போயின. முகத்தில் பழைய சிரிப்பு, தோளில் தட்டும் பழைய தட்டு. சுற்றியிருந்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவர்கள் மச்சானைப் பார்த்தார்கள். அவன் ஒருவன்தான் நாள் முழுக்க மச்சானைக் கேட்டுக்கொண்டிருந்தான். கையும் கண்ணும் சிரிப்பும் கழிந்துபோய் வெறும் குரல் மட்டும் அவனிடம் வந்து சேர்ந்தது. அந்தக் குரலில் ஓட்டைகள் விழுந்துகொண்டிருந்தன.

விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போனான். கூடத்தில் மச்சான் அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் போனேன்ல, அங்கே, அந்த..."

"பேங்க்," என்றாள் அக்கா உள்ளிருந்து.

"பேங்க். வாசல்லயே அந்த ஆள், அந்த..."

"வாட்ச்மேன்."

"ஆங், வாட்ச்மேன் என்னைப் பார்த்து..."

சொற்கள் சமையலறையிலிருந்து சரியான நேரத்துக்கு வந்து விழுந்தன. வெங்காயம் நறுக்கும் சத்தம் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதைக் கேட்டதும்தான் அவனுக்குப் பயம் முழுதாகப் பிடித்தது. ஒரே நாளில் வரும் பழக்கமல்ல இது. எழுந்து உள்ளே போனான்.

"எப்ப இருந்துக்கா?"

"எது எப்ப இருந்து?"

"நீ எடுத்துக் கொடுக்கிறது."

"புருஷன் பொண்டாட்டின்னா அப்படித்தான். பொண்டாட்டி வெளியூர் போனா உப்பு டப்பா எங்கேன்னு எனக்கு போன் பண்றவன் நீ. நீ பேசாதே."

"அக்கா."

கத்தி நின்றது. அக்கா திரும்பாமலே பேசினாள். கூடத்துக்குக் கேட்காத குரல்.

"எங்க மாமனார் இப்படித்தான்டா ஆரம்பிச்சார். அந்த இது, அந்த இதுன்னுதான். கடைசியில வாயே திறக்கல. ஜன்னல்கிட்ட உட்கார்ந்து என்னையே பார்த்துட்டிருப்பார். தண்ணி வேணுமா, எங்கயாவது வலிக்குதா, யாரையாவது பார்க்கணுமா, ஒண்ணும் தெரியாது. தண்ணியைக் கொடுத்துட்டு அழுவேன்."

"டாக்டர்கிட்ட போலாம்க்கா."

"போனா சொல்லிடுவாங்கடா. போகாதவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலை இல்ல?" புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று. "வெளியே தெரிஞ்சா அவரை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அந்த மனுஷனுக்கு வாய்தான் வேலை. நீ அங்கே பார்த்துக்கோ, நான் இங்கே பார்த்துக்கிறேன். போதும்."

கூடத்திலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "அக்காவும் தம்பியும் என்ன, சொத்துப் பிரிக்கிறீங்களா? எனக்கும் ஒரு பங்கு வைங்க."

இருவரும் தேவைக்கு மேல் உரக்கச் சிரித்தார்கள்.

ஒருவரை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிப்பதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். அன்பில்லாத குடும்பத்தில் இந்தத் தவறு நடந்திருக்காது.

அதற்குப் பிறகு பாரம் இறங்கும்போதே குரல் நிற்கத் தொடங்கியது. "இறக்கு, இறக்கு" என்று வந்துகொண்டிருப்பது சட்டென்று நிற்கும். அவன் கையும் நிற்கும். காற்றில் பாரம் தொங்கும். கொஞ்சம் கழித்து "ஓரமா, இறக்கு" என்று வரும். ஓரம் என்ற சொல்லை அவர் எங்கோ தேடிப் போய் எடுத்துக்கொண்டு வருகிறார் என்று அவனுக்குப் புரியும்.

ஒருநாள் இன்ஜினியர் மேடம் வாக்கியில் குறுக்கிட்டார். சிறு வயதுதான், ஆனால் வேலையில் கண்டிப்பு. "ஏன் நின்னு நின்னு இறங்குது? கீழே கான்கிரீட் வண்டி காத்திருக்கு."

மச்சானிடமிருந்து பதில் வரவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, "கா... காத்து மேடம்," என்றார்.

"ஆமா மேடம்," என்று அவனும் சொன்னான். "மேலே காத்து கொஞ்சம் ஜாஸ்தி."

எதிரே இருந்த கொடிக்கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கியது. பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. மாலையில் இறங்கியதும் இரும்பைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். ஆனால் அன்றிலிருந்து அவன் நிறுத்துவதை நிறுத்திவிட்டான். குரல் அறுந்தால், "மச்சான் சொல்லைத் தேடறார், இதோ வந்துடும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, லீவரை மெல்ல, மிக மெல்ல இறக்கத்திலேயே வைத்திருந்தான். அவர் மௌனங்கள் அவனுக்குப் பழகிவிட்டன. ஓரமா, நேரா, மெதுவா என்று அவர் தேடும் சொல்லை அவர் கண்டெடுப்பதற்கு முன்பே அவன் ஊகித்தான். ஒவ்வொரு முறையும் ஊகம் சரியாக இருந்தது. அதுதான் பெரிய ஆபத்தாகப் போயிற்று.

அன்று லிஃப்ட் குழிக்குள் ஓர் இரும்புப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரை வார்ப்பதற்கு இருபுறமும் நிறுத்தும் கனமான பலகை. குழி நாலாபுறமும் சுவரால் சூழ்ந்தது. மேலிருந்து பார்த்தால் இருட்டு மட்டும்தான் தெரியும். மச்சான் குழியின் வாயருகே நின்றிருந்தார். அடியில் கம்பி கட்டுகிறவர் வேலையை முடித்துவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்.

"இறக்கு, இறக்கு, இறக்கு. மெதுவா. இறக்கு, இறக்கு..."

குரல் நின்றது.

இதோ வந்துடும், என்று அவன் நினைத்தான். லீவரை ஓர் இழை தளர்த்தினான். பலகை மெல்ல இறங்கியது. இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. என்ன தேடுகிறார்? இடதா? ஓரமா? வரும், வந்துடும். இரும்புக் கயிறு ஓடும் சத்தம் அவன் இருக்கைக்கு அடியில் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த மௌனம் கொஞ்சம் நீளம். ஆனாலும் வந்துடும்.

அப்போது கட்டடத்தின் விளிம்புக்கு வெளியே, வெட்டவெளியில், மஞ்சளாக ஏதோ பறந்தது.

ஒரு தலைக்கவசம். வெயிலில் சுழன்று, வளைந்து, கீழே மண்மேட்டை நோக்கிப் போனது. அது என்னவென்று அவன் அறிவு சொல்வதற்குள் அவன் கை நின்றுவிட்டது.

பிறகுதான் குரல் வந்தது. மிகச் சிறிய குரல். "நிறுத்து," என்றது. "நிறுத்து, நிறுத்து, நிறுத்து, நிறுத்து." இறக்கு என்று சொல்லும் அதே தாளத்தில், பாரம் நின்று வெகுநேரமான பிறகும், யாரோ போய் வாக்கியை அவர் கையிலிருந்து வாங்கும்வரை அது வந்துகொண்டே இருந்தது.

வேறொருவர் குரல் கொடுக்க, பலகையை மேலே தூக்கி ஓரமாக வைத்தான். இறங்கும்போது ஏணியின் ஒவ்வொரு கம்பியையும் இரு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. கம்பி கட்டுகிறவர் விட்டுப்போன கம்பி முறுக்கும் குறடு ஒன்றை எடுக்கத் திரும்பிக் குனிந்திருக்கிறார். அவர் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் மிச்சமிருந்ததாம்.

மச்சான் ஒரு பலகை அடுக்கின் மேல் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கவசம் இல்லாமல் அவரை சைட்டில் யாரும் பார்த்ததில்லை. முடி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. திடீரென்று வயதானவராகத் தெரிந்தார்.

"ஏன் மாப்ள நிறுத்தல?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

"நான்தான் வாயை மூடிட்டேனே."

அவன் அவரையே பார்த்தான்.

"அவன் குனியறதைப் பார்த்தேன். சொல்ல வாயைத் திறந்தா அந்த வார்த்தை வரல. தேடிட்டு நிக்கவா முடியும்? வாயை மூடினேன். மூடினா நீ நிறுத்திருவே. அதுதானே நம்ம கணக்கு. நீ நிறுத்தல. அது இறங்கிட்டே இருந்துச்சு மாப்ள. கையை ஆட்டினா உனக்குத் தெரியாது. அதான் தொப்பியைக் கழட்டி..." வீசிய கையைத் தூக்கிக் காட்டினார். சொல் இல்லாத இடத்தில் கை.

"உங்களுக்குத் தெரியுமா மச்சான்? இப்படி வராம போறது?"

"என் வாய் எனக்குத் தெரியாதா. வராதப்ப எல்லாம் பேசாம இருந்துடுவேன். மேலே நீ இருக்கே, நிறுத்திருவே. அந்தத் தைரியத்துலதான் தினமும் வேலைக்கு வர்றேன்." கீழே பார்த்தார். "உங்க அக்காகிட்ட சொல்லல. பாவம், பயந்துடுவா. எங்கப்பா அந்த ஜன்னல்கிட்ட..."

அங்கே நின்றுவிட்டார். சொல் கிடைக்காமல் நின்றாரா, சொல்ல முடியாமல் நின்றாரா என்று தெரியவில்லை.

அவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரையொருவர் பயமுறுத்தக் கூடாதென்று மூன்று பேரும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அந்த மறைப்புக்கு அடியில் ஒன்றும் அறியாத ஒருவர் குனிந்திருந்தார். நாம் ஒருவருக்காக மறைப்பதன் பாரம் வேறு யார் தலைக்கு மேலோ தொங்கிக்கொண்டிருக்கும் என்பது மறைக்கும்போது தோன்றுவதேயில்லை.

யாரோ வந்து முன்னால் நின்றார்கள். கம்பி கட்டுகிறவர். கையில் மஞ்சள் தலைக்கவசம்.

"அண்ணே, உங்க தொப்பி. மண்ணுல கிடந்துச்சு." சட்டையால் அதைத் துடைத்துக் கொடுத்தார். "இது பறக்கலேன்னா என்னைக் காகிதமா சுருட்டித்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ரேடியோவுக்குக் கை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கோபப்பட அந்தச் சைட்டிலேயே அதிக உரிமையுள்ள மனிதர் அவர்தான். மச்சானின் முழங்காலில் கையை வைத்தவர், எழுந்திருக்கும்வரை அதை எடுக்கவே இல்லை.

இன்ஜினியர் மேடம் வந்தபோது அவன் எழுந்து நின்றான்.

"தப்பு என்னோடது மேடம். குரல் நின்னுச்சு. நான் நிறுத்தல. அன்னைக்குக் காத்துன்னு சொன்னதும் பொய்."

எல்லாவற்றையும் சொன்னான். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காத்து இல்லைன்னு எனக்கும் அன்னைக்கே தோணுச்சு," என்றார் கடைசியில். "கொடியைப் பார்த்தேன். வண்டி காத்திருந்த அவசரத்துல மேல கேட்காம விட்டுட்டேன். நடந்ததை நான் மேலிடத்துக்குச் சொல்லணும். நாளையிலிருந்து நீங்க ரெண்டு பேரும் கிரேன்கிட்டயே வரக் கூடாது. அதுல மாத்தமில்லை." பிறகு மச்சானிடம் திரும்பினார். குரல் தணிந்தது. "முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. சாமான் அறைக்கு ஓர் ஆள் வேணும்னு கேட்டுட்டே இருக்காங்க. நீங்க வந்து சொல்றவரைக்கும் அங்கே யாரையும் போட மாட்டேன்."

அக்காவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மச்சானும் அவனும் சேர்ந்தே போனார்கள். அவள் முதலில் இவன்மேல் எரிந்து விழுந்தாள்.

"பார்த்துக்கோன்னுதானே சொன்னேன். நல்லா பார்த்துக்கிட்டே போ."

"கம்பி கட்டறவர் முதுகு மேல பலகை வந்து நின்னுச்சுக்கா. ஒரு கை நுழையற இடம்தான். என் கையால ஆகியிருக்கும்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். மச்சான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும்டி," என்றார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை காலம் அவருக்காக அவள் தேடி எடுத்துக்கொடுத்த சொற்களெல்லாம் எங்கே போயினவோ, அவளிடம் இப்போது ஒன்றுகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நெருக்க வேண்டிய அவசியமில்லை, இடம் நிறையவே இருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அக்காவின் வாய் முணுமுணுத்து நின்றது. பிரார்த்தனைதான் என்று அவனுக்குத் தெரியும். அவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். ஆனால் என்ன கேட்பதென்று இந்த முறை அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டர் நிதானமானவர். மச்சானிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். பிறகு ஒரு படத்தை மேசைமேல் வைத்தார். தெருவில் ஒருவன் சுவருக்கு வெள்ளையடிக்கிறான். ஏணியின் மேல்படியில் நிற்கிறான். பக்கத்தில் வாளி.

"இந்தப் படத்துல என்ன நடக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க. அவசரமே இல்லை. மத்தவங்க உதவி பண்ணாதீங்க."

மச்சான் படத்தை அருகில் இழுத்தார். "ஒருத்தன் வேலை பார்க்கிறான். சுவத்துக்குப் பெயின்ட்டு. நிக்கிறது அந்த... அந்த இது மேல."

டாக்டர் காத்திருந்தார்.

ஏணி. அவன் நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. தினமும் காலையில் ஏறி மாலையில் இறங்குகிற சொல். அக்காவின் உதடு 'ஏ' என்று விரிவதை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கையைப் பிடித்தான். சில்லென்று இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மின்விசிறி சுற்றியது. மச்சானின் விரல் மேசைமேல் ஏறி ஏறி இறங்கியது. அவன் தன் வலது கையைக் கவனித்தான். மடியில் லீவரைப் பிடித்ததுபோல் வளைந்து இறுகியிருந்தது. கொஞ்சம் தளர்த்தினால் போதும், சொல் இறங்கிவிடும், எல்லாருக்கும் சுலபமாகிவிடும். கையை மெல்லப் பிரித்து முழங்காலில் மல்லாத்தி வைத்தான். ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கடினமாக இருக்குமென்று அவன் நினைத்ததில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்த அந்தப் பெரியவர் அவன் நினைவுக்கு வந்தார்.

ஏணி வரவில்லை. மச்சான் அதை விட்டுவிட்டார். படத்தின் கீழ்மூலைக்குக் குனிந்தார். நெற்றி சுருங்கியது.

"டாக்டர், கீழே ஆள் நிக்குது," என்றார். "இங்கே. இந்தம்மா பேப்பர் படிச்சிட்டு நிக்கிறாங்க. மேலே வாளி சாஞ்சிட்டிருக்கு. முதல்ல இவங்களை நகரச் சொல்லுங்க. மத்தது அப்புறம்."

டாக்டர் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். "நகரச் சொல்லிடலாம்," என்றார் மெதுவாக.

அன்று அவர் முடிவாக எதையும் சொல்லவில்லை. ரத்தம் எடுக்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், வேறு காரணங்களும் இருக்கலாம், சிலவற்றைச் சரிசெய்யலாம், சிலவற்றைத் தள்ளிப்போடலாம், சிலவற்றோடு வாழப் பழக வேண்டியிருக்கும் என்றார். இப்போதே வந்தது நல்லது என்றார். அக்கா அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பயம் போகவில்லை. ஆனால் இதுவரை ஆளுக்கொரு மூலையில் அதைத் தனித்தனியே வைத்திருந்தவர்கள் இப்போது மூன்று பேராகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

தெருவில் கூட்டம். நடைபாதையில் மச்சான் நடுவில் வந்தார்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். பக்கத்து வீட்டுக்காரன் சோபாவைத் தூக்கினோம்ல, அதுல..."

நின்றார். பேச்சு நின்றதும் காலும் நின்றது. தரையில் எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.

அக்கா இரண்டடி முன்னே போயிருந்தாள். திரும்பினாள். தம்பியைப் பார்த்தாள். அவன் நின்றிருந்தான். அவளும் நின்றாள். அவசரமாகப் போனவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பையோடு வந்த ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு விரலைச் சொடுக்கினார், மறுபடி சொடுக்கினார். அவன் அசையவில்லை. வருமா வராதா என்று அவனுக்குத் தெரியாது. இன்று வந்தாலும் நாளை வருமா என்றும் தெரியாது. அதே பயம் இருந்தது. ஆனால் கை நின்றிருந்தது.

"மாமியார்," என்றார் மச்சான்.

"ஆமா மச்சான்," என்றான் அவன். "மாமியார் என்ன பண்ணாங்க?"